கூப்பர் குதித்த ராத்திரி காற்று எந்தப் பக்கம் அடித்தது?

டி.பி. கூப்பர் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் அநேகமாக ஒரே மாதிரிதான் கேட்டிருப்பார்கள். கோட்டு, டை எல்லாம் போட்ட ஆசாமி ஒருத்தன் விமானத்தில் ஏறினான், வெடிகுண்டு இருக்கிறது என்றான், ரெண்டு லட்சம் டாலர் வாங்கினான், பாராசூட்டைக் கட்டிக்கொண்டு நடுவானத்தில் குதித்தான், ஆள் காணாமல் போனான். எஃப்.பி.ஐ.யால் இன்றுவரை அவன் யார் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கதை முடிந்ததும் கூட்டத்தில் ஒருத்தராவது "செம மூளைடா!" என்பார்.

மூளை இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அன்றைக்கு மேகமும் மழையும் காற்றும் சேர்ந்து செய்த வேலையில் பாதிக்கு மேல் அவன் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. காமர்ஸ்காரர்கள் பாஷையில் சொன்னால், தப்பான கணக்கில் விழுந்த கிரெடிட் என்ட்ரி. அதைக் கொஞ்சம் சரி பார்க்கலாம்.

1971 நவம்பர் 24, புதன்கிழமை. மறுநாள் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, ஊருக்குப் போகிற கூட்டம். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஒரெகான் மாநிலத்து போர்ட்லேண்டில், டான் கூப்பர் என்று பெயர் சொல்லி ஒருத்தன் 20 டாலர் ரொக்கமாகக் கொடுத்து சியாட்டிலுக்கு ஒரு வழி டிக்கெட் வாங்குகிறான். (டி.பி. என்ற இனிஷியல் பத்திரிகைக்காரர்களின் கைங்கர்யம். அவன் சொன்னது டான். அதுவும் பொய்ப் பெயர்தான் என்பது வேறு விஷயம்.) நார்த்வெஸ்ட் ஓரியன்ட் கம்பெனியின் 305ஆம் எண் விமானம், போயிங் 727. பயணிகள் 36 பேர், சிப்பந்திகள் 6 பேர். அரை மணி நேரப் பயணம். மதியம் 2.50க்குக் கிளம்பியது.

கிளம்பியதும் விமானப் பணிப்பெண் ஃப்ளோரன்ஸ் ஷாஃப்னரிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். தனியாக வருகிற ஆண்கள் போன் நம்பர் எழுதிக் கொடுப்பது அவருக்குப் பழகிப்போன தொல்லை. படிக்காமலே கைப்பையில் போட்டுவிட்டார். அவனே குனிந்து, அதைப் படித்துவிடுவது நல்லது, என்னிடம் வெடிகுண்டு இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்து சிவப்புக் குழாய்களையும் ஒயர்களையும் காட்டினான். அசலா டம்மியா என்பது இன்றைக்கும் தெரியாது. ரெண்டு லட்சம் டாலர், நாலு பாராசூட், சியாட்டிலில் தயாராக ஒரு எரிபொருள் லாரி. இதுதான் கேட்டது.

பணம் சேருகிற வரைக்கும் விமானம் சியாட்டிலுக்குப் பக்கத்துக் கடற்கழி மேலேயே சுமார் ரெண்டு மணி நேரம் சுற்றியது. சின்ன மெஷின் கோளாறு என்று பயணிகளிடம் சொல்லி வைத்தார்கள். அப்போது கூப்பர் ஜன்னல் வழியாகப் பார்த்து, கீழே தெரிவது டகோமா ஊர் மாதிரி இருக்கிறதே என்று சொன்னானாம். இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அவனுக்குக் கீழே என்ன ஊர் என்று தெரிந்தது. அந்த வட்டாரம் பழக்கமானதுதான் போலிருக்கிறது.

சுற்றிக்கொண்டிருந்தபோதே பகல் போய்விட்டது. நவம்பர் கடைசியில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். விமானம் தரையிறங்கியபோது மணி ஐந்தே முக்கால் வாக்கில், நல்ல இருட்டு. இருட்டு அவனுக்கு வேண்டியதுதான். ஆனால் அந்தப் பக்கத்தில் நவம்பர் இருட்டு தனியாக வராது. பசிபிக் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று கேஸ்கேட் மலைத்தொடரில் முட்டிக்கொண்டு, இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரைக்கும் மழையாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஜூன் மாதம் வந்திருந்தால் தெளிவான வானம் கிடைத்திருக்கலாம், ஆனால் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். நவம்பரில் இருட்டை வாங்கினால் மழை இலவச இணைப்பு.

சியாட்டிலில் 20 டாலர் நோட்டுகளாக மொத்தம் 10,000 நோட்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கு முன்னாலேயே எஃப்.பி.ஐ. எல்லாவற்றையும் படம் எடுத்து சீரியல் நம்பரைப் பதிவு செய்துகொண்டது. பயணிகளை இறக்கிவிட்டான். ஷாஃப்னரையும் இன்னொரு பணிப்பெண்ணையும் விட்டான். மிச்சம் இருந்தது கேப்டன் வில்லியம் ஸ்காட், துணை விமானி, ஃப்ளைட் இன்ஜினியர், அப்புறம் டீனா மக்லோ என்கிற பணிப்பெண்.

கூப்பர் கதை சொல்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிற பெயர் இது. மக்லோவுக்கு அப்போது 22 வயசு. இதைப் படிக்கிற பலரின் வயசு. மணிக்கணக்காக வெடிகுண்டுப் பெட்டிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவன் சொன்னதை விமானிகளுக்கும் அவர்கள் சொன்னதை அவனுக்கும் இன்டர்காமில் மாற்றி மாற்றிச் சொன்னவர் அவர். பணப்பையை ஓடுபாதையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்தான். வால் பக்கத்துப் படிக்கட்டைத் திறந்தால் காற்று தன்னை வெளியே இழுத்துவிடுமோ என்று பயந்து, கட்டிக்கொள்ளக் கயிறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் அவரை காக்பிட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான். போகும்போது திரும்பிப் பார்த்தவர் கண்ணில் பட்டது, அவன் எதையோ இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த காட்சி. கூப்பரைக் கடைசியாகப் பார்த்தவர் அவர்தான்.

சரி, வானத்துக்கு வருவோம்.

மெக்சிகோவுக்குப் போ, தாழ்வாகப் போ, மெதுவாகப் போ என்று அவன் உத்தரவு போட்டான். அப்படிப் போனால் எரிபொருள் காணாது, நடுவில் நெவாடா மாநிலத்து ரீனோவில் நிரப்ப வேண்டும் என்று விமானிகள் சொல்ல, ஒப்புக்கொண்டான். எந்த வழியாகப் போக வேண்டும் என்று மட்டும் அவன் சொல்லவே இல்லை. பத்தாயிரம் அடி உயரத்தில் மலைகளில் மோதாமல் போக வேண்டுமே என்று மேற்கே இருந்த விக்டர் 23 என்ற தாழ்வான வான்வழியில் விமானத்தைக் கொண்டுபோனார்கள். ஏழரை மணிக்குப் பிறகு விமானம் மேலே ஏறியது. எட்டு மணி வாக்கில் காக்பிட்டில் வால் படிக்கட்டு திறந்ததற்கான விளக்கு எரிந்தது. உதவி வேண்டுமா என்று இன்டர்காமில் கேட்டதற்கு வேண்டாம் என்று பதில். 8.13 வாக்கில் விமானத்தின் வால் ஒரு குலுக்கு குலுக்கி மேலே எழும்பியது. பாரம் குறைந்ததற்கான அடையாளம். பின்னால் எஃப்.பி.ஐ. அதே விமானத்தில் போய் அதே மாதிரி படிக்கட்டிலிருந்து ஒரு பாரத்தைத் தள்ளிப் பார்த்தபோது அதே குலுக்கல் வந்தது.

அந்த நேரத்தில் வெளியே என்ன இருந்தது? மழை. அடுக்கடுக்காக மேகம். எஃப்.பி.ஐ. கணக்குப்படி 5,000 அடியில் மேகம் மூடியிருந்தது. அதாவது பத்தாயிரம் அடியில் படிக்கட்டில் நிற்கிற ஆளுக்குக் கீழே தரையே தெரியாது. மதியம் டகோமாவை அடையாளம் சொன்ன அதே ஆள், ராத்திரி தான் எந்த மாவட்டத்து மேலே நிற்கிறோம் என்பது தெரியாமல் குதித்திருக்கிறான். வழியையும் சொல்லவில்லை, விமானிகளிடம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேட்கவும் இல்லை. கீழே கூட்டாளி காத்திருந்தான் என்று சொல்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கே விழப்போகிறோம் என்று குதிக்கிறவனுக்கே தெரியாதபோது, கூட்டாளி எந்தக் காட்டில் போய்க் காத்திருப்பான்?

குளிர் வேறு. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும். கீழேயே குளிர்காலம், பத்தாயிரம் அடியில் உறைநிலைக்குக் கீழே. மணிக்கு 300 கிலோமீட்டருக்குக் குறையாத எதிர்க்காற்று. அவன் போட்டிருந்தது ஆபீஸ் போகிற கோட்டு சூட்டு, மேலே ஒரு மழைக்கோட்டு, காலில் லேஸ் இல்லாத ஷூ. அந்த ஷூவோடு மழையில் பஸ் பிடிக்க ஓடினாலே ஒன்று கழன்றுவிடும். இடுப்பில் கட்டின பணம் கிட்டத்தட்ட பத்து கிலோ. (ஒரு டாலர் நோட்டின் எடை ஒரு கிராம். பத்தாயிரம் நோட்டு. கால்குலேட்டர் வேண்டாம்.) அவன் எடுத்துக்கொண்ட ரெண்டாவது பாராசூட் வகுப்பில் பாடம் நடத்துவதற்காகத் தைத்து மூடப்பட்ட டம்மி. அவசரத்தில் தவறிக் கொடுத்துவிட்டார்கள், அவனும் கவனிக்கவில்லை. வழக்கை 2000களில் கையாண்ட லாரி கார் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி, அனுபவமுள்ள எந்த ஸ்கைடைவரும் அந்த ராத்திரியில் அந்த உடுப்போடு குதித்திருக்க மாட்டார் என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது.

இதுவரை வானிலை கூப்பருக்கு விரோதி. இனிமேல்தான் தமாஷ். அதே வானிலை அடுத்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு வக்கீல் ஆகிவிட்டது.

முதலில், அவன் குதித்ததை யாரும் பார்க்கவில்லை. விமானத்தைத் தொடர்ந்து ரெண்டு எஃப்-106 போர் விமானங்கள் அனுப்பப்பட்டிருந்தன. ஒலியைவிட வேகமாகப் போகிற ஜாதி. ஆமை வேகத்தில் போகிற 727-க்குப் பின்னால் போவதே அவற்றுக்குக் கஷ்டம். இருட்டு, மேகம் வேறு. ரெண்டு பேர் கண்ணிலும் ஒன்றும் படவில்லை.

அடுத்து, எங்கே விழுந்தான் என்ற கணக்கு. இது ஒரு சுவாரசியமான கணக்கு. ரெண்டு விஷயம் தெரிந்தால் போதும் மாதிரி இருக்கும்: குதித்த நேரம், அப்போது விமானம் இருந்த இடம். விமானம் நிமிஷத்துக்கு 5 கிலோமீட்டர் போகிறது. நேரத்தில் ரெண்டு நிமிஷம் பிசகினால் 10 கிலோமீட்டர் போச்சு. அதற்கு மேலே காற்று. உதாரணத்துக்கு, பாராசூட்டை உடனே விரித்தால் பத்தாயிரம் அடி இறங்க ஏறக்குறைய பத்து நிமிஷம் ஆகும் என்று வையுங்கள். காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், அந்தப் பத்து நிமிஷத்தில் ஆளை 8 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போயிருக்கும். விரிக்காமலே விழுந்தால் ஒரு நிமிஷத்துக்குள் தரை, தள்ளல் ரொம்பக் குறைவு. விரித்தானா, எப்போது விரித்தான், யாருக்குத் தெரியும்? இப்படி ஒவ்வொரு சந்தேகமும் வரைபடத்தில் வட்டத்தைப் பெரிசாக்கிக்கொண்டே போகும். உள்ளே முழுக்க மலை, காடு, ஏரி.

எப்படியோ கணக்குப் போட்டு, வாஷிங்டன் மாநிலத்தின் தெற்கே, லூயிஸ் ஆற்றின் மேல் அணை கட்டி உண்டான மெர்வின் ஏரிப் பக்கம், ஏரியல் என்கிற சிற்றூரை ஒட்டி விழுந்திருப்பான் என்று முடிவு செய்தார்கள். தேடினார்கள். ஹெலிகாப்டர், நடை, படகு எல்லாம். மேலேயிருந்து படம் எடுக்கலாம் என்று அப்போதைய அதிசயமான எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட் உளவு விமானத்தையே கொண்டுவந்தார்கள். விமானம் போன பாதையிலேயே ஐந்து தடவை பறந்தது. ஐந்து தடவையும் கீழே சரியாகத் தெரியவில்லை, படம் தேறவில்லை. உலகத்திலேயே வேகமான விமானத்தை உள்ளூர் மேகம் திருப்பி அனுப்பிவிட்டது! பனி உருகிய பிறகு 1972 வசந்தத்தில் ராணுவ முகாமிலிருந்து சுமார் 200 சிப்பாய்கள் வந்து மார்ச்சில் 18 நாள், ஏப்ரலில் 18 நாள் காட்டை சல்லடை போட்டார்கள். ஏரிக்குள் சின்ன நீர்மூழ்கியை விட்டுக்கூடப் பார்த்தார்கள். பாராசூட் துணி ஒரு முழம் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் பின்னாளில் தெரிந்தது. அல்லது தெரிந்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி 305-க்கு நாலு நிமிஷம் பின்னால், அதைவிட உயரத்தில், கான்டினென்டல் கம்பெனி விமானம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் விமானி டாம் போஹன். அவருடைய விமானத்தைத் தள்ளிய காற்றுக்கும், எஃப்.பி.ஐ. கணக்கில் போட்ட காற்றுக்கும் திசை ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் 80 டிகிரி வரைக்கும் இருக்கலாம் என்றார்கள். 80 டிகிரி என்பது கிட்டத்தட்ட செங்குத்து. மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி தெற்குத் தெருவில் விழுந்திருக்க, கிழக்குத் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டின மாதிரி. போதாதற்கு, அன்று கையாலேயே ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் ஸ்காட்டும், தான் போன பாதை முதலில் சொன்னதைவிட இன்னும் கிழக்கே இருந்திருக்கும் என்று சொன்னார். எல்லாவற்றையும் சேர்த்தால் விழுந்த இடம் தென்கிழக்கே நகர்ந்து வாஷூகல் என்கிற ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுகிறது. 200 சிப்பாய்களும் 36 நாளும் வேறு ஆற்றங்கரையில் செலவு.

ஆக, "எஃப்.பி.ஐ.க்கே தண்ணி காட்டினான்" என்பதில் தண்ணி காட்டியது நிஜமாகவே தண்ணியும் காற்றும்தான்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் ரெண்டே மாசம் தள்ளிப் போனால் போதும். 1972-ல் கூப்பரைப் பார்த்து சூடு போட்டுக்கொண்ட பூனைகள் நிறைய. பாராசூட் கேட்டு மிரட்டிய கடத்தல்கள் மட்டும் அந்த வருஷம் 15. அதில் முன்னாள் ராணுவக்காரர் ஒருத்தர் ஜனவரி 20 அன்று லாஸ் வேகாஸில் ஒரு டிசி-9 விமானத்தைப் பிடித்தார். 50,000 டாலர், ரெண்டு பாராசூட், ஹெல்மெட் (கூப்பருக்குத் தோன்றாத பொருள்!) எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டார். கொலராடோ மாநிலத்து மரமில்லாத சமவெளியில் குதித்தார். உயிரோடுதான் இறங்கினார். ஆனால் கீழே பனியும் சேறும். பாராசூட்டில் இடம் காட்டும் கருவி ஒன்றை ஏற்கெனவே வைத்து அனுப்பியிருந்தார்கள், மிச்சத்தைப் பனியில் பதிந்த காலடித் தடம் சொல்லிவிட்டது. சில மணி நேரத்தில் கைது. ஏறக்குறைய அதே திட்டம், இன்னும் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை. நிலமும் வானமும்தான் வேறே. அவரைப் பற்றி யாரும் பாட்டு எழுதவில்லை, டி-ஷர்ட் அச்சடிக்கவில்லை. கூப்பரும் அன்றைக்குத் தெளிவான நிலா வெளிச்சத்தில் ஒரு வெட்டவெளியில் இறங்கியிருந்தால், மறுநாள் பேப்பரில் மூன்று காலம் செய்தி, அப்புறம் ஜெயில், அவ்வளவுதான்.

வானிலை எப்போதும் இப்படிக் குழப்பம் பண்ணும் என்றும் சொல்ல முடியாது. சில நாள் அது ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடுகிறது. அதுதான் இன்னும் பயங்கரம். 2001 செப்டம்பர் 10 சாயங்காலம் நியூயார்க்கில் இடி மழை. அன்று ராத்திரி நடக்க வேண்டிய யாங்கீஸ் - ரெட் சாக்ஸ் பேஸ்பால் ஆட்டமே மழையால் ரத்து. ராத்திரியோடு அந்த மேகக்கூட்டம் கடலுக்கு நகர்ந்துவிட்டது. அட்லான்டிக்கில் எரின் என்ற பெரிய சூறாவளி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, அதுவும் கரைக்கு வரவில்லை. செப்டம்பர் 11 காலை வானம் துடைத்து வைத்த மாதிரி நீலம். நாலு விமானங்களும் மழை, மூட்டம் என்ற எந்தத் தடையும் இல்லாமல் கிளம்பின. ஒன்றே ஒன்று, யுனைடெட் 93, நூவர்க் விமான நிலையத்தில் ஓடுபாதை நெரிசலால் தாமதமாக 8.42-க்குக் கிளம்பியது. அந்தத் தாமதத்தால் மற்ற விமானங்களுக்கு என்ன ஆயிற்று என்று அதன் பயணிகளுக்குப் போனில் தெரியவந்து, அவர்கள் எதிர்த்து எழுந்தார்கள். பென்சில்வேனியாவில் ஒரு வயலில் விழுந்து அத்தனை பேரும் இறந்துபோனார்கள். குறி வைத்த இடத்துக்கு அந்த விமானம் போய்ச் சேரவில்லை. வெறும் நெரிசலே இவ்வளவு செய்தது. முந்தின நாள் மேகம் இன்னும் பன்னிரண்டு மணி நேரம் தங்கியிருந்தால் என்று கேட்டுப் பார்க்கத் தோன்றும். வேறு தேதி குறித்திருப்பார்கள் என்பதுதான் பெரும்பாலும் பதில். ஆனாலும் கேள்வி போகமாட்டேன் என்கிறது.

கூப்பர் பணத்துக்குத் திரும்புவோம். கதையில் வானிலையின் கடைசி வேலை அங்கேதான்.

1980 பிப்ரவரியில், கொலம்பியா ஆற்றங்கரையில் டீனா பார் என்ற மணல் திட்டில் குடும்பத்தோடு வந்த எட்டு வயசுப் பையன் ஒருத்தன், அடுப்பு மூட்ட மணலைத் தள்ளும்போது மூன்று கட்டு நோட்டு கிடைத்தது. (இந்த இடத்தின் பெயருக்கும் மக்லோவின் பெயருக்கும் சம்பந்தமில்லை, தமிழில் எழுதும்போது ஒன்றாகி விடுகிறது.) ஊறி, ஓரம் அரித்து, ரப்பர் பேண்டு மட்டும் அப்படியே. 290 நோட்டு, 5,800 டாலர். சீரியல் நம்பர் அச்சு அசலாக ஒத்துப்போனது.

இதுவும் பழைய கணக்கைக் கெடுத்தது. லூயிஸ் ஆறு கொலம்பியாவில் சேருவது இந்த மணல் திட்டைத் தாண்டி, கீழே. மெர்வின் ஏரியில் விழுந்த பணம் ஆற்றோட்டத்துக்கு எதிராக நீந்தி மேலே வர முடியாதே. வாஷூகல் ஆறு சேருவதோ மேலே. அங்கிருந்து மிதந்து வந்திருந்தால் சரி. காற்றுக் கணக்கைத் திருத்தியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். 2020-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் அந்த நோட்டுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். தண்ணீரில் டயட்டம் என்ற கண்ணுக்குத் தெரியாத பாசி வகைகள் உண்டு. எந்தப் பருவத்தில் எது பெருகும் என்று ஒரு முறை இருக்கிறது. நோட்டில் ஒட்டியிருந்தவை வசந்த காலத்தில் பெருகுகிற வகைகள். நவம்பர் மாசத்து ஆற்றில் நேராக விழுந்து நனைந்திருந்தால் அந்தக் கலவை வந்திருக்காது என்றார்கள். அதாவது, கடத்தல் நடந்து பல மாசம் கழித்துத்தான் பணம் தண்ணீருக்குள் போயிருக்கிறது. அதுவரை எங்கே இருந்தது? மரக்கிளையில் தொங்கியதா, புதரில் கிடந்ததா, யாராவது வைத்திருந்து வீசினார்களா? பாசி அதுவரைக்கும்தான் சாட்சி சொல்லும். எலும்புக்கூட்டின் இடுப்பில் கட்டியபடி ஒரு குளிர்காலத்தைக் கழித்திருக்கும் என்று நினைப்பதுதான் எளிது. பலருக்கு அது பிடிப்பதில்லை. அவன் மெக்சிகோ கடற்கரையில் உட்கார்ந்து ஜூஸ் குடித்தால்தான் அவர்களுக்குத் திருப்தி.

விமானங்களிலும் ஒரு மாற்றம் வந்தது. 727-ன் வால் படிக்கட்டைப் பறக்கும்போது திறக்க முடியாதபடி ஒரு சின்னத் தகடு பொருத்தச் சொன்னார்கள். ஸ்பிரிங்கில் நிற்கிற துடுப்பு மாதிரி ஒன்று. விமானம் பறக்கும்போது எதிர்க்காற்று அதைத் தள்ளித் திருப்பும், தகடு கதவுக்குக் குறுக்கே வந்து மறிக்கும். தரையில் காற்று நின்றதும் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். மோட்டார் கிடையாது, ஸ்விட்ச் கிடையாது. பெயர் கூப்பர் வேன். காற்றை வைத்தே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள்.

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குக் கணக்கு வழக்கையும் சொல்லிவிட வேண்டும். விமானக் கம்பெனிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் தர மறுக்க, வழக்கு மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் வரை போய், 1975-ல் 1,80,000 டாலர் கொடுத்தார்கள். எனவே மணலில் கிடைத்த பணம் யாருக்குச் சொந்தம் என்பதில் பையனுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போட்டி. 1986-ல் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. 14 நோட்டை மட்டும் எஃப்.பி.ஐ. சாட்சியமாக வைத்துக்கொண்டது. பையன் வளர்ந்து பெரியவனாகி, 2008-ல் தன் பங்கில் 15 நோட்டை ஏலம் விட்டதில் சுமார் 37,000 டாலர் கிடைத்தது. முகமதிப்பு 300 டாலர்! அழுகிப்போன நோட்டுக்கு இவ்வளவு அப்ரிசியேஷன் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

2016 ஜூலையில் எஃப்.பி.ஐ. இந்த வழக்கில் தேடுவதை நிறுத்திக்கொண்டது. மீதி 9,710 நோட்டுகளின் நம்பர் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒன்றுகூட எந்தக் கடையிலும் எந்த வங்கியிலும் வந்து சேரவில்லை.